ஒரு கோழிக்கூண்டின் பூர்வாசிரமம்

பொன்னமராவதியிலிருந்து அண்ணன் போன் செய்தால் காரணம் இரண்டுதான். ஒன்று, கொன்னையூர் மாரியம்மன் திருவிழா. இன்னொன்று, பணம். அது பங்குனி மாசமும் இல்லை. ஆகவே, "அண்ணே, இந்த மாசம் கொஞ்சம் டைட்டு..." என்று நானே முந்திக்கொண்டேன்.

"அட, அது இல்லடா. கொல்லையில அந்த வண்டி நிக்குதுல்ல, கோழி அடையுமே... அதைப் போடப் போறோம். பழைய இரும்புக்கடை பாய் கிலோ 28 ரூபாய்னு கேக்குறாரு. நீதான் பழைய வண்டியப் பத்தியெல்லாம் பத்திரிகையில எழுதுறியே... ஒரு எட்டு வந்து பார்த்துட்டேன்னா நல்லது."

இது நானே தேடிக்கொண்ட வினை. எப்போதோ ஒரு வாரம் எழுதுவதற்கு விஷயம் கிடைக்காமல் பழைய கார்களைப் பற்றி எழுதித் தொலைத்தேன். அத்தனையும் புத்தகத்தில் படித்தது. எனக்கு ஸ்டெப்னி மாற்றக்கூடத் தெரியாது, ஸார். படித்தது பி.காம். ஆனாலும் அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன்னால் ஸ்கூட்டரைக் காட்டுகிறார்கள்.

இந்தத் தடவை மறுக்க முடியவில்லை. அண்ணன் என்றால் பெரியப்பா மகன். அவருடைய பெண்ணுக்கு நர்ஸிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் 40,000 கட்ட வேண்டும். மீதியையெல்லாம் எப்படியோ புரட்டிவிட்டார். இந்த நாற்பதுக்கு அவர் நம்பியிருந்தது அந்த வண்டியைத்தான். வெள்ளிக்கிழமை காலை திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா அதை 1989-ல் எங்கேயோ ஏலத்தில் எடுத்தார். உள்ளே மளிகைச் சாமான் அடுக்கிக் கிராமம் கிராமமாகப் போய் விற்பதாகத் திட்டம். இரண்டாவது மாசமே இஞ்சின் கையை விரித்துவிட்டது. அப்புறம் இஞ்சின், டயர், சேஸ் என்று ஒவ்வொரு உறுப்பாகத் தானம் போக, மிச்சம் முன் மூக்கும் பின்னால் தகரப் பெட்டியுமாக வேப்பமரத்தடியில் செங்கல் மேல் உட்கார்ந்தது. நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்க்கிறேன். கண்ணாமூச்சி ஆடியதெல்லாம் அதற்குள்தான். ஆனால் அது எதற்காகக் கட்டிய வண்டி என்று யாரையும் கேட்டதில்லை. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கொல்லையில் ஒரு சிறு மாநாடே கூடியிருந்தது. அண்ணன், இரும்புக்கடை பாய், பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு பேர், கோழிகள் பதினொன்று. கூடவே பட்டறை மேஸ்திரி. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அதிகம் பேசமாட்டார்.

நான் பேசுவேனே! மூக்கைச் சுற்றி வந்தேன். பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் வட்டத்துக்குள் மூன்று கை நட்சத்திரம் இருந்த தழும்பு.

"அண்ணே, இது பென்ஸ்!"

அண்ணனுக்கு மயக்கமே வந்துவிட்டது. பயப்பட வேண்டாம். டாடா கம்பெனி 1954-லிருந்து 1969 வரை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்தது. அந்த நாளில் நம் ஊர் டாடா லாரிகள் பென்ஸ் நட்சத்திரத்தை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் ஜல்லி ஏற்றின. ஆக, வயசு தெரிந்துவிட்டது. மூக்கு எந்தக் கம்பெனி என்று சொல்லும். ஆனால் வண்டியின் ஜாதகம் பின்னால் இருக்கிற பெட்டியில்தான் இருக்கிறது.

"போலீஸ் வண்டிப்பா. கைதியக் கூட்டிட்டுப் போறது" என்றார் முதல் பெரியவர்.

மேஸ்திரி கதவைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். "உள்ள கைப்பிடி இருக்கு. கைதி வண்டியில உள்ளருந்து திறக்க வழி வைப்பாங்களா?"

"அப்ப ஐஸ் வண்டி."

மேஸ்திரி சுவரை விரலால் தட்டினார், டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி. டொங் டொங் என்று தகரம். குளிர் தாங்குகிற வண்டியென்றால் இரண்டு தகரத்துக்கு நடுவில் கனமாக எதையாவது திணித்திருப்பார்கள். வெளியே பார்த்தால் யானை மாதிரி இருக்கும், உள்ளே போனால் இடமே இருக்காது. தட்டினால் 'தொப்'பென்று கேட்கும். இது அது இல்லை.

ரொட்டி வண்டியா? ரொட்டிக்குக் காற்று வேண்டும், சுவரில் வரிசையாகச் சீப்பு மாதிரி வெட்டு இருக்கும். இல்லை. பால் வண்டியா? தரையில் தண்ணீர் ஓட வாட்டமும் ஓட்டையும் இருக்கும். அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து ஐந்தாண்டுத் திட்டப் படம் காட்டிய கள விளம்பரத் துறை வண்டியா? அப்படியானால் ஜெனரேட்டருக்கு ஒரு மூலை, புகை போக ஒரு துவாரம் வேண்டும். அதையும் காணோம்.

"பொண வண்டியா இருக்கும்" என்றார் இரண்டாவது பெரியவர், நிதானமாக.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அதில் அடைந்த கோழியின் முட்டையைச் சாப்பிட்டு வளர்ந்தவர். "ஆள் படுக்குற இடம் எங்கய்யா இருக்கு? ரெண்டு பக்கமும் அலமாரி" என்று மேஸ்திரி அவர் வயிற்றில் பால் வார்த்தார்.

அப்போதுதான் அந்த அலமாரிகளை நான் முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை பலகைகள். கோழி எச்சத்துக்கு அடியில் நல்ல தேக்கு. எல்லாப் பலகையும் மட்டமாக இல்லாமல் சரிவாக இருந்தன. என் மூளையில் மணி அடித்தது. சரிந்த தட்டு! கலர் வண்டி!

சோடா, கலர் ஏற்றுகிற லாரியைப் பார்த்திருப்பீர்கள். பெட்டிகள் நேராக இருக்காது, உள்பக்கம் சாய்ந்திருக்கும். வளைவில் லாரி திரும்பும்போது பாட்டில் ரோட்டுக்கு வராமலிருக்கத்தான் அப்படி. ஏற்றுகிறவரும் இறக்குகிறவரும் ரோட்டில் நின்றபடியே வேலையை முடித்துவிடலாம்.

நான் படித்த புத்தகமெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்துவிட்டது. "சரக்குக்குத் தகுந்த வண்டிண்ணே! அமெரிக்காவுல டிவ்கோனு ஒரு பால் வண்டி, டிரைவர் நின்னுக்கிட்டே ஓட்டலாம். வீட்டுக்கு வீடு இறங்கணும்ல? இங்கிலாந்துல வொர்த்திங்டன்னு ஒரு பீர்க் கம்பெனி. 1920-கள்ல டெய்ம்லர் வண்டி மேல பாடியையே படுத்த பாட்டில் மாதிரி கட்டினாங்க. புரூக் பாண்டு டீத்தூளுக்கு அங்கே டிரோஜன்னு ஒரு வண்டி, காத்தடிக்காத கெட்டி டயர். டிராம் தண்டவாளத்துல சக்கரம் மாட்டிக்கிட்டா டிராம் போற ஊருக்குத்தான் டீத்தூளும் போகும்னு கிண்டல் பண்ணுவாங்க!"

பெரியவர்கள் இருவரும் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார்கள். மேஸ்திரி மட்டும் பலகையை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சென்னையில் பழைய வண்டிகள் சேர்க்கிற ஒரு பெரிய மனிதரின் நம்பர் என்னிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஏழு படம் அனுப்பினேன். பத்தாவது நிமிஷம் அவரே கூப்பிட்டார்.

"நிஜமாவே அந்தக் காலத்துக் கூல்டிரிங்க் வண்டிதானா? அப்படின்னா ஒண்ணரை லட்சம் வரைக்கும் பார்க்கலாம். நல்லா உறுதி பண்ணிக்கிட்டு நாளைக்குச் சொல்லுங்க."

ஒன்றரை லட்சம்! பாய் பக்கம் திரும்பி, "வேற இடம் பாருங்க பாய்" என்றேன். அந்தத் தொனியை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி என்னைக் கௌரவிக்கும் வகையில் கோழிகளின் எண்ணிக்கை பத்தாகக் குறைந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாமல் மேஸ்திரி ரசமட்டத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, நேத்து எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம்னு பார்த்தேன். இங்க வாங்க."

இடது பக்கப் பலகையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடு வழிப் பக்கம் ஓடியது. அதாவது பலகை வெளிச்சுவரைப் பார்த்து இறங்குகிறது. வண்டியே ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் வலது பக்கத்தில் வைத்தார். அங்கும் குமிழி நடுவுக்கே ஓடியது. அங்கும் பலகை சுவரைப் பார்த்துத்தான் இறங்குகிறது.

"கலர் வண்டியில சரிவு உள்ளார பார்த்துப் போகும். ஏன்னா எடுக்கிறவன் வெளிய நிக்கிறான். இதுல சரிவு வெளிய பார்த்துப் போகுது. அப்ப எடுக்கிறவன் எங்க நிக்கிறான்?"

"நடுவுல..."

"நடுவுல நின்னு எடுக்கிற சாமான், வண்டி ஓடுறப்ப நடுவுல விழுந்துறக் கூடாத சாமான். அதான் சாய்ச்சிருக்கான்."

"வெளிப்பக்கத் தகரம் அப்புறம் அடிச்சதா இருக்கலாமே?" என்றேன் பலவீனமாக.

"ரிவெட்டைப் பாருங்க. கூரையில இருக்கறதும் இதுவும் ஒரே கையி. இது பொறந்ததுலருந்தே மூடின வண்டி." பலகையின் அகலத்தைச் சாணால் அளந்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. சோடாப் பெட்டி இதில் பாதிகூட உட்காராது. பிறகு விரலை மேலே காட்டினார். கூரையில் நீளவாக்கில் இரண்டு கண்ணாடிச் சட்டம். ஒன்று உடைந்து சாக்கு அடைத்திருந்தது, இன்னொன்றின் மேல் வேப்பஞ் சருகு. "பக்கத்துல ஜன்னல் வைக்க இடமில்ல, பூரா அலமாரி. ஆனா உள்ள வெளிச்சம் வேணும்னு நெனச்சிருக்கான். பாட்டிலுக்கு எதுக்குத் தம்பி வெளிச்சம்?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு சாண் பலகை. நடுவில் நின்று, மேலிருந்து விழும் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து...

"புஸ்தகம்!"

"அதத்தான் நானும் நெனச்சேன்" என்றார் மேஸ்திரி.

"புஸ்தக வண்டிதானே அது" என்று பின்னால் ஒரு குரல். பெரியம்மா. கையில் கோழிக்குத் தவிடு.

"பெரியம்மா! உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? உங்க பெரியப்பா ஏலத்துல எடுத்தப்பவே சொன்னாரே."

"அப்புறம் ஏன் நேத்து பூரா சொல்லலை?"

"நீங்கள்லாம் பெரிசா ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தீங்க. யாரு என்னைக் கேட்டா?"

இதற்கு நானும் மேஸ்திரியும் தரையைப் பார்த்தோம்.

புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு படிப்பவரைத் தேடிப் போவது புது விஷயமில்லை. இங்கிலாந்தில் வாரிங்டன் ஊரில் 1858-லேயே குதிரை வண்டி நூலகம் ஓடியிருக்கிறது. நம் பக்கம் 1931-ல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபை பிள்ளை என்பவர் முன்னின்று செய்தார். பக்கபலமாக நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், உலக நூலகர்கள் இன்றைக்கும் பெயரைச் சொல்கிற அதே ரங்கநாதன்தான். வண்டியும் மாடும் நம் ஊர் வழக்கப்படி, ஏற்றியிருந்த சரக்குதான் புதுசு. நெல்லு மூட்டையை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காக் கதை இன்னும் வேடிக்கை. மேரிலாண்டில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊர். அங்கே மேரி டிட்கோம்ப் என்ற நூலகர் அம்மையார் 1905-ல் குதிரை வண்டி ஒன்று கட்டிப் பண்ணை வீடுகளுக்கெல்லாம் புத்தகம் அனுப்பினார். வண்டிக்குக் கறுப்புப் பெயிண்ட். ஒரு வீட்டு வாசலில் நிறுத்தப் போனால், அந்த வீட்டுக்காரர், எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, பிண வண்டிக்கு இங்கே வேலையில்லை என்று விரட்டியிருக்கிறார்! உடனே சக்கரத்துக்கும் கதவுக்கும் பளிச்சென்று சிவப்பு அடித்தார்கள். 1910-ல் ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது. அம்மையார் விடவில்லை, 1912-ல் மோட்டார் வண்டியே வாங்கிவிட்டார். நம் பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தனியாகக் குறை சொல்லக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரித்திரமெல்லாம் சரி, சென்னைக்காரருக்குப் பதில்? அண்ணன் என்னை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், அவருக்கு எப்படித் தெரியும்? கலர் வண்டின்னே சொல்லிரு. சரிவு இருக்குல்ல, போட்டோவுல எந்தப் பக்கம்னா தெரியப்போகுது?"

அவர் கெட்டவரில்லை, ஸார். திங்கட்கிழமை அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே அந்தப் பெண் சர்டிபிகேட்டையெல்லாம் பாலிதீன் கவரில் போட்டு ரெடியாக வைத்திருக்கிறாள். நானும் யோசித்தேன். யோசித்தது மட்டுமில்லை, 'உறுதி செய்துவிட்டேன், கூல்டிரிங்க் வண்டிதான்' என்று டைப் அடித்தே விட்டேன். கட்டை விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

அப்போது பெரியம்மா வந்தார். தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு புத்தகம். அட்டை இல்லை, முதல் நாலைந்து பக்கம் இல்லை. ஓரமெல்லாம் வெல்லப் பாகு நிறம்.

"வண்டி வந்த புதுசுல கழுவுனேன். அந்த அலமாரிப் பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்து கிடந்துச்சு. எட்டாவதோட நிறுத்திட்டாங்கல்ல, வீட்டுல வேற புஸ்தகமும் கிடையாது. இதையே எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஆனா பின்னாடி பக்கம் இல்லப்பா. முடிவு என்னன்னு தெரியாம போச்சு. வண்டி என்னன்னு கண்டுபிடிக்கத்தான் வந்தியே, இது என்ன கதைன்னும் கண்டுபிடிச்சுச் சொல்லேன்."

உள்ளே ஒட்டியிருந்த தாளில் வரிசையாகத் தேதி முத்திரைகள். கடைசி முத்திரையில் 1978 மட்டும் படிக்க முடிந்தது. யாரோ எடுத்துப்போய்ப் படித்துத் திருப்பிக் கொடுத்ததற்குச் சாட்சி. இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வண்டியைச் சோடா வண்டி என்று அனுப்ப எனக்கு வரவில்லை. டைப் அடித்ததை அழித்துவிட்டு, 'ஸார், தவறாகச் சொல்லிவிட்டேன். இது நூலக வண்டி' என்று அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பத்து நிமிஷம் கழித்து ஒரு கும்பிடு பொம்மை வந்தது. அவ்வளவுதான். அண்ணன் அன்று மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

நான்தான் சைக்கிளை வாங்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

"வாங்க தம்பி. ஒண்ணரை லட்சம் என்னாச்சு?"

"28 ரூபாய்னீங்களே பாய்..."

"அது நேத்து. இன்னிக்கு 26. மரத்தைக் கழிச்சுத்தான் எடை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து வெட்டினார்கள். தகரமும் ஆங்கிளுமாக 1,060 கிலோ. பி.காம். படித்தது ஒருவழியாக உபயோகப்பட்டது: 27,560 ரூபாய். நாற்பதாயிரத்துக்குக் குறைவது 12,440. அதை யார் போட்டிருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் அவர்கள் இந்த வாரச் சன்மானத்தைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

திங்கட்கிழமை பெண் காலேஜில் சேர்ந்துவிட்டாள். தேக்குப் பலகையில் நல்லதாக நாலைப் பொறுக்கி மேஸ்திரி அவளுக்குப் புத்தக அலமாரி செய்து கொடுத்தார், கூலி வாங்காமல். பழக்க தோஷத்தில் அதையும் லேசாகப் பின்பக்கம் சாய்த்துவிட்டார். கோழிகள் இரண்டு நாள் வேப்பமரத்தையே சுற்றிச் சுற்றி வந்தனவாம்.

அட்டையில்லாத புத்தகம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. பஸ்ஸிலேயே பாதி படித்துவிட்டேன். எழுதியவர் யார், கதை எது என்று இரண்டு நூலகத்தில் காட்டினேன், பழைய புத்தகக் கடையில் மூன்று பேரைக் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசியாக இருக்கிற பக்கத்தில் கதாநாயகி டிரங்குப் பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். ரயில் வந்து நின்றுவிட்டது. அதோடு தாள் கிழிந்திருக்கிறது.

நேற்று ராத்திரி பெரியம்மாவிடமிருந்து போன். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"ஏப்பா, ஏறிட்டாளா?"